சுயம்புக்கனி படித்த நம்பர்

எங்கள் நொச்சிவிளையில் ஓடிபி நம்பர் போனுக்கு வருவதை நிறுத்திவிட்டு ஆளுடைய பிடரிக்கு வர ஆரம்பித்தது அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டின வாரத்தில்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, ஏனென்றால் அந்த வாரம் ஊரில் இருக்கிற அத்தனை பெண்பிள்ளைகளும் கொடைக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லி என் தலையில் துணியைக் கொட்டியிருந்தார்கள், நானும் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாமல் வந்தவள் போனவள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன், அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து டீக்கடை பொன்னுலிங்கம் அண்ணாச்சிக்கு கேஸ் சிலிண்டர் வந்தது.

சிலிண்டர்க்காரன் நம்பரைக் கேட்டான். அண்ணாச்சி போனைத் தடவித் தடவிப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், போனில் ஒன்றும் இல்லை. பின்னால் பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த கொத்தனார் செல்லப்பாண்டி, "அண்ணாச்சி, உங்க பிடதில என்னமோ எழுதிருக்கே" என்றான். "என்னன்னு படி" என்றார் அண்ணாச்சி. அவன் படித்தான், சிலிண்டர்க்காரன் அதை அழுத்தினான், சரி என்று வந்துவிட்டது, சிலிண்டரை உருட்டி உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டான். கேஸ் வந்தாச்சு, அப்புறம் என்ன? யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை, டீ ஆறிவிடும் என்று குடிக்கத்தான் போனார்கள்.

முடி முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, மருதாணி காய்ந்த நிறத்தில், பொடி எழுத்தாக வரும். எந்த பேங்க், எவ்வளவு பணம், யாருக்குப் போகிறது என்று முதலில், அதற்கடுத்து கொஞ்சம் பெரிசாக நம்பர், அதற்கும் கீழே இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கை. படிக்க இன்னொரு ஆள் வேண்டும், ஆனால் யாரிடமும் சொல்லக் கூடாது, இது என்ன கூத்து என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், எங்கள் ஊரில் அதைப் பற்றி யாரும் விசாரப்படவில்லை. கண்ணாடியில் பார்த்தால் தெரியாது, போட்டோ எடுத்தால் வெறும் கழுத்துதான் விழும், வீடியோவில் காட்டினாலும் அப்படித்தான், ரத்தமும் சதையுமாக ஒரு ஆள் பின்னால் வந்து நின்று கண்ணால் பார்த்தால் மட்டும் எழுத்து இருக்கும், கொஞ்ச நேரத்தில் தானாக அழிந்துவிடும். பஞ்சாயத்துத் தலைவர் இதைக் கேட்க பேங்குக்குப் போனார். மேனேஜர், "எங்களுக்கு அப்படி ஒண்ணும் சர்க்குலர் வரலியே" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஃபைல் கொண்டுவந்த பியூன், "சார், உங்க வீட்டுக் கரண்டு பில்லுக்கு நம்பர் வந்திருக்கு, படிக்கவா?" என்று கேட்க, மேனேஜர் சட்டைக் காலரைக் கீழே இழுத்துக்கொண்டு குனிந்தார். அத்தோடு அந்த விசாரணை முடிந்தது.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. ஆம்பிளைகள் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது, பெண்கள் பின்னலை விட்டுவிட்டுக் கொண்டைக்கு மாறினார்கள், என்னிடம் வந்தவர்களெல்லாம் "முதுகைக் கொஞ்சம் இறக்கி வெட்டு ரோஜா, ஓடிபிக்கு" என்று வெட்கமில்லாமல் சொன்னார்கள், ஓடிபிக்கு எவ்வளவு இறக்கம் போதும் என்று எனக்குத் தெரியாதா, நானும் கேட்ட இறக்கத்துக்கு வெட்டிக் கொடுத்தேன். ராத்திரி சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டி காலையில் ரீசார்ஜ் போடுவதற்குள் சமாதானமாக வேண்டியிருந்தது. கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க்கும் சத்துணவு டீச்சரும் ஒருவர் கழுத்தை ஒருவர் படித்துப் படித்து, கடைசியில் தை மாதம் கல்யாணமே செய்துகொண்டார்கள். நல்ல ஜோடிதான், அதைக் குறை சொல்லவில்லை, பத்திரிகை வைக்க மட்டும் என்னை மறந்துவிட்டார்கள்.

படிக்கிறவர்களுக்கு என்று ஒரு மரியாதையும் உண்டாயிற்று. யார் கழுத்தையாவது படிப்பதற்கு முன்னால், "யாரு கேக்கா? எதுக்குக் கேக்கா?" என்று விசாரித்துவிட்டுத்தான் நம்பரைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருத்தி கையில் பையோடு தெருவில் போனாலே எங்கே போகிறாள், எப்போது வருவாள், பைக்குள் என்ன என்று கேட்காமல் விடமாட்டோம், இதைக் கேட்க எங்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

அதில் ரொம்பக் கஷ்டப்பட்டவர்கள் ஏமாற்றுக்காரர்கள்தான். முன்னெல்லாம் நாளுக்கு நாலு பேர் கூப்பிடுவார்கள், உங்கள் ஏடிஎம் கார்டு காலாவதியாகிவிட்டது, கரண்டு ஃபியூஸைப் பிடுங்கப் போகிறோம், லாட்டரியில் கார் விழுந்திருக்கிறது, வந்த நம்பரை மட்டும் சொல்லுங்கள் என்று தேனொழுகப் பேசுவார்கள். பொன்னுலிங்கம் அண்ணாச்சியே ஒரு தடவை அந்தக் காருக்காக நம்பரைச் சொல்லிவிட்டு, கடை அட்வான்ஸை இழந்து, ஒரு மாதம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தார். இப்போது கூப்பிட்டால், "செத்த இருங்க தம்பி, பக்கத்து வீட்டு மைனியக் கூப்பிடுதேன்" என்பார்கள், மைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "லைன்ல யாரு? எந்தூரு? காரு விழுந்துச்சுன்னா நீ ஏன்ல எங்கிட்ட நம்பர் கேக்க, சாவியல்லா குடுக்கணும்?" என்று ஆரம்பிப்பாள், அதற்குள் இன்னும் இரண்டு பேர் கூடிவிடுவார்கள், ஒருத்தி அவனுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்பாள், அவன் போனை வைத்துவிடுவான். ஒரு பையன் அழாத குறையாக, "உங்க ஊர்ல ஒரு மனுஷன் தொழில் பண்ண முடியுமாக்கா?" என்று கேட்டதாக வளையல்கடை ஜெயக்கொடி சொன்னாள். பாவம் என்று அவனுக்கு வேறு வேலை பார்க்கச் சொல்லிப் புத்தி சொன்னாளாம்.

இப்படி ஊரே காபந்தாக இருக்கும்போது ஒரே ஒருத்தியிடம் மட்டும் ஓட்டை இருந்தது. அவள் தங்கபுஷ்பம்.

தங்கபுஷ்பமும் அவள் ஓரகத்தி சுயம்புக்கனியும் என் தையல் கடை ஜன்னலுக்கு நேர் எதிரே, நாலு எட்டில், ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, ஒரே முற்றத்தில், ஒரே அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டு இருந்தார்கள். சுயம்புக்கனி மூத்தவன் பெண்டாட்டி, தங்கபுஷ்பம் இளையவன் பெண்டாட்டி. புருஷன்மார் இரண்டு பேரும் பம்பாயில் ஒரே பலசரக்குக் கடையில் ஒரே கல்லாவில் ஒற்றுமையாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே இவளுகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. தங்கபுஷ்பம் மகள் சுபிதாவின் சடங்கில், தாம்பாளத்தை நீட்டினபோது சுயம்புக்கனி இடது கையால் வாங்கிவிட்டாள், அவ்வளவுதான் விஷயம். வலது கையில் எண்ணெய் தெறித்துப் புண்ணாகி இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் சுயம்புக்கனி, "என் கையப் பாக்காதவகிட்ட நான் எதுக்குச் சொல்லணும்?" என்று இருந்துவிட்டாள், தங்கபுஷ்பம், "வேணும்னே என் சபையில என்னைக் கேவலப்படுத்திட்டா" என்று இருந்துவிட்டாள், இன்று அந்தச் சுபிதா மதுரையில் நர்சிங் படிக்கிறாள்.

பேச்சுவார்த்தை இல்லை என்றால் பேசமாட்டார்கள் என்று அர்த்தமில்லை. காலையில் எழுந்ததிலிருந்து பேச்சுதான். சுயம்புக்கனி தன் வெள்ளாட்டிடம் பேசுவாள், தங்கபுஷ்பம் அடிபம்பிடம் பேசுவாள். "ஏ ஆடே, சில பேருக்கு வாசல் கூட்டுனா குப்பைய அடுத்தவ வாசல்ல தள்ளணும்னு யாரு சொல்லிக் குடுத்தாவளோ!" என்பாள் மூத்தவள். "ஏ பம்பே, ஆட்டுப் புழுக்கைய அள்ளத் துப்பில்லாதவளுக்கெல்லாம் வாய் எதுக்கு?" என்பாள் இளையவள். இப்படியே சண்டை, இப்படியே சேதி. சுபிதாவுக்குக் காய்ச்சல் என்றால் பம்புக்குச் சொல்லப்படும், சற்று நேரத்தில் கஷாயத்துக்கு என்ன போடணும் என்று ஆட்டுக்குச் சொல்லப்படும். இடையில் கிடந்து எனக்குத்தான் நூல் அறுந்து அறுந்து போகும், இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு எவளால் நேராகத் தைக்க முடியும்?

தங்கபுஷ்பத்துக்கு இதெல்லாம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஊர்க் கடைசியில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கிப் போட்டிருந்தாள். அங்கே தனியாக வீடு கட்டிக்கொண்டு, தனியாக ஒரு பம்பு போட்டுக்கொண்டு, "அவ மூஞ்சில முழிக்காம எனக்கு ஒரு நாளாவது விடியணும்" என்பதுதான் அவள் வாழ்க்கையின் லட்சியம். புருஷன் அனுப்பியது, கருப்பட்டி விற்றது, சீட்டுப் போட்டு எடுத்தது என்று எல்லாவற்றையும் அந்த வீட்டுக்காக பேங்கில் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பணத்தையும் மனையையும் தவிர வேறு சொத்து சுகம் அவளுக்கு இல்லை. இது சுயம்புக்கனிக்கும் தெரியும், எப்படித் தெரியும் என்றால் பம்பிடம் அவள் அதைச் சொல்லாத நாளே இல்லை.

அந்தத் தங்கபுஷ்பத்தின் போனில்தான் ஒரு நாள் காலை போலீஸ் உடுப்போடு ஒருத்தன் வந்தான். பின்னால் கொடி, முன்னால் மேஜை, தலையில் தொப்பி, எல்லாம் இருந்தது. "அம்மா, உங்க மகள் பேரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு, உள்ளே போதை மருந்து இருக்கு, அவளை அரெஸ்ட் பண்ண டீம் கிளம்பிடுச்சு, அவ படிப்பு போச்சு, வாழ்க்கை போச்சு" என்றான். சுபிதாவின் முழுப் பெயர், காலேஜ், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னான். சுபிதா போன் எடுக்கவில்லை, வார்டில் இருக்கும்போது எடுக்க விடமாட்டார்கள், அது தங்கபுஷ்பத்துக்கும் தெரியும், ஆனால் பெற்றவள் வயிறு அந்த நேரத்தில் அதையெல்லாம் யோசிக்குமா? "நீங்க இப்போ டிஜிட்டல் கைதில் இருக்கீங்க, கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினா உங்க மகளை ஜாமீன் இல்லாம உள்ளே வச்சிடுவோம்" என்றான். பேங்க் விவரம் எல்லாம் வாங்கிக்கொண்டான். "உங்க பணம் நல்ல பணமான்னு அரசாங்கக் கணக்கில் போட்டுப் பரிசோதிச்சுட்டு சாயங்காலம் திருப்பி அனுப்பிடுவோம். இப்போ உங்களுக்கு ஒரு நம்பர் வரும்" என்றான்.

"அது பிடதில வரும் சார்" என்றாள் தங்கபுஷ்பம்.

அவன் ஒரு பெருமூச்சு விட்டானாம். எங்கள் ஊர் அவர்கள் தொழிலில் அவ்வளவு பெயர் எடுத்திருந்தது போலிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கச் சொன்னான், கேமராவைப் பின்னால் திருப்பச் சொன்னான், ஒன்றும் தெரியவில்லை. யாரிடமாவது காட்டலாம் என்றால் யாரு கேக்கா எதுக்குக் கேக்கா என்று ஆரம்பித்துவிடுவார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன், "அம்மா, நீங்க பேச்சுவார்த்தை வச்சுக்காத ஆள் யாராவது பக்கத்தில் இருக்காங்களா?" என்று கேட்டான்.

"இருக்கா சார்" என்றாள் தங்கபுஷ்பம். "பக்கத்து வாசல்லயே இருக்கா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. அவங்க உங்ககிட்ட கேள்வி கேட்க மாட்டாங்க இல்லையா? அவங்ககிட்டயே போய்க் காட்டுங்க."

அப்புறம் நடந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். தங்கபுஷ்பம் போனை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், முகம் வெளுத்துக் கிடந்தது, ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்த சுயம்புக்கனிக்குப் பக்கத்தில் போய் முதுகைக் காட்டி நின்றாள், ஒரு கையால் கொண்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏ பம்பே, கண்ணு தெரியுதவ யாரும் இருந்தா இதைப் படிக்கட்டும்" என்றாள். நான் சிலிண்டர் என்று நினைத்தேன். வேறு யாரும் இல்லாத நேரத்தில் சிலிண்டர் வந்தால் இப்படிக் காட்டுவது உண்டு, அதில் ஒன்றும் புதுமை இல்லை.

சுயம்புக்கனி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே நின்றாள். ஒரு சிலிண்டர் நம்பரைப் படிக்க இவ்வளவு நேரமா என்று எனக்கே தோன்றியது. அப்புறம் திரும்பி, "ஏ ஆடே, நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு, எட்டு, ரெண்டு" என்றாள்.

தங்கபுஷ்பம் அதைப் போனுக்குள் முணுமுணுத்தாள். போனுக்குள்ளிருந்து, "தப்பா இருக்கே, சரியாப் பார்க்கச் சொல்லுங்க" என்று ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. இரண்டாவது தடவை நம்பர் வந்தது, இரண்டாவது தடவையும் இவள் கொண்டையைத் தூக்கினாள், அவள் ஆட்டுக்குப் படித்தாள், அதுவும் தப்பு. சுயம்புக்கனிக்குப் போன வருஷம்தான் கண் ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு நான் பொத்தான் தைத்தேன்.

எனக்கு அப்புறம்தான் தெரிந்தது, கண்ணெல்லாம் பளிங்கு மாதிரி தெரிந்திருக்கிறது அவளுக்கு. வீடு கட்ட வைத்திருக்கிற பணம் மொத்தமும், ஒரு ரூபாய் மிச்சமில்லாமல், வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ டிரேடர்ஸுக்குப் போகிறது என்று அந்தக் கழுத்திலேயே எழுதியிருந்திருக்கிறது. செங்கல் சூளைக்குப் போகிற பணம் என்றால் சூளைக்காரன் பெயரல்லவா இருக்க வேண்டும்? கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பேசினதாக ஆகிவிடும். முதலில் பேசினவள் தோற்றவள், இத்தனை வருஷ வைராக்கியம் அதோடு போச்சு. ஆட்டிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் அதற்குப் பதிலாகப் பம்பிடம் இரண்டு வசவுதான் வரும். பேசாமல் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. அதைத்தான் செய்திருக்கிறாள் மகராசி.

மூன்றாவது நம்பர் வந்தது. போனுக்குள்ளிருந்து அவன், "இதுதான் கடைசி, இதையும் தப்பாச் சொன்னா உங்க மகள் கையில் விலங்கு" என்று கத்தினது எனக்கே கேட்டது. நான் மிஷினை நிறுத்தினேன். தங்கபுஷ்பம் பம்பைப் பார்த்தாள். அப்புறம் பம்பை விட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்பி, சுயம்புக்கனியின் முகத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் கொட்ட, "யக்கா" என்றாள். "யக்கா, உன் காலப் பிடிச்சுக் கேக்கேன், இந்த ஒரு தடவ சரியாப் படிச்சுச் சொல்லிரு யக்கா. எம் புள்ள போயிரும்."

சுயம்புக்கனி கையிலிருந்த குழைக்கட்டு கீழே விழுந்தது. எனக்கும் கத்தரிக்கோல் கீழே விழுந்தது. அவள் மெள்ள வந்து, தங்கபுஷ்பத்தின் தோளில் கை வைத்து, அவளை அந்தப் பக்கம் திருப்பி, விலகிக் கிடந்த முடியை ஒதுக்கி, ஆட்டைக் கூப்பிடாமல், பம்பைக் கூப்பிடாமல், அவள் காதோடு காதாக, "மூணு, ஒம்பது, ஒம்பது, ஆறு, சைபர், அஞ்சு. எழுதிக்கோ தங்கம்" என்றாள். நான் ஜன்னலில் எக்கி நின்றுகொண்டிருந்தேன், அப்போதுதான் கொண்டை விலகி அந்த நம்பர் எனக்கும் தெரிந்தது. அதில் மூணும் கிடையாது, ஒம்பதும் கிடையாது.

அவன் அதை அழுத்தினான். மூன்று தடவையும் தப்பாகப் போனதில் தங்கபுஷ்பத்தின் கணக்கு அப்படியே பூட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு போனுக்குள்ளிருந்து வந்த வார்த்தைகளை நான் சொல்லமாட்டேன், நானும் பிள்ளை குட்டி பெற்றவள். எந்தப் போலீஸ் அதிகாரியும் அப்படித் தாய் தகப்பனை இழுத்துப் பேசமாட்டார் என்று மட்டும் சொல்கிறேன். கோபத்தில் கையை வீசினவன் பின்னால் இருந்த கொடியைத் தட்டிவிட்டான், கொடி விழுந்ததும் அதற்குப் பின்னால் ஒரு கொடிக்கயிறும், அதில் காய்ந்த லுங்கியும், அதற்கடியில் அதேமாதிரித் தொப்பியை மடியில் கழற்றி வைத்துக்கொண்டு புரோட்டா பிய்த்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு அதிகாரிகளும் தெரிந்தார்கள். போன் அணைந்தது.

தங்கபுஷ்பம் போனைப் பார்த்தாள், சுயம்புக்கனியைப் பார்த்தாள். பணம் பிழைத்தது என்று அவளுக்கு முதலில் உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது வேறு.

"அக்கான்னு கூப்பிட்டேனே!" என்று கத்தினாள். "இத்தன வருஷம் கழிச்சு வாய் தொறந்து அக்கான்னு கூப்பிட்டேனே, எம் மூஞ்சப் பாத்துப் பொய்யா சொன்ன?"

"ஆமாட்டி, சொன்னேன்!" என்றாள் மூத்தவள், நேராக, முகத்துக்கு முகம். "எவனோ தொப்பி போட்டவன் சொன்னா நம்புவ, கூடப் பொழைக்கவ கைல புண்ணுன்னா நம்ப மாட்ட! புள்ளைக்கு ஒண்ணுன்னா எங்கிட்ட ஓடி வராம, பிடதியக் காட்டிட்டு நிக்க பிடதிய! அவ நடை பழகுனது என் வாசல்லட்டி!"

"நீ இடது கையால வாங்குனியா இல்லியா?"

"வாங்குனேன்! இந்தா பாரு தழும்ப! அன்னைக்குப் பாத்தியாட்டி நீ இத?"

ஐயோ, அந்தச் சண்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக ஆட்டிடமும் பம்பிடமும் அரைகுறையாகச் சொன்னதையெல்லாம் முழுசாக, ஆளிடமே, பெயரைச் சொல்லி, கையை நீட்டி, மூச்சு விடாமல் பேசினார்கள். ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. யாரும் விலக்கவில்லை. விலக்குகிற சண்டையா அது? என் பக்கத்தில் ஜெயக்கொடி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். டீக்கடை அண்ணாச்சிதான் காரியவாதி, கூட்டத்தில் நுழைந்து போனை வாங்கி, "எந்தப் போலீசும் வீடியோவுல கைது பண்ணாதும்மா, முதல்ல சைபர் கிரைம் நம்பர் 1930க்கு அடிங்க, அப்புறம் சண்டையப் போடுங்க" என்று சொல்லி, தானே அடித்து விவரத்தைச் சொன்னார். அந்தப்பக்கம் பேசினவர்களுக்குப் பாதி கேட்டிருக்காது, சத்தம் அப்படி. மத்தியானம் சுபிதா வார்டிலிருந்து வெளியே வந்து, தவறின அழைப்புகளைப் பார்த்துப் பதறிப்போய்க் கூப்பிட்டாள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே போனில் ஒரே நேரத்தில் பேசியதைக் கேட்டு, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்துவிட்டாளாம்.

பேங்குக்கு நடையாய் நடந்து கணக்கைத் திறந்தார்கள். பணம் அப்படியே இருந்தது. பணம் இருந்தால் வீடும் இருக்கும் அல்லவா? பஸ் நிற்கிற இடத்தில் செல்லப்பாண்டி கொத்தனார் நூல் பிடித்து அஸ்திவாரம் தோண்டினான். சண்டை போட்டுப் பேச்சு வந்துவிட்டதே, இனி எதற்குத் தனி வீடு என்று நாங்கள் கேட்டோம். சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது என்று தங்கபுஷ்பம் முறுக்கிக்கொண்டாள். சுயம்புக்கனியும், "போறவ போகட்டும், எனக்கென்ன?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் யாருக்குப் பணம் போட வேண்டுமென்றாலும் தங்கபுஷ்பம் கழுத்தை இவளிடம்தான் கொண்டுவருவாள். மனைக்குப் பக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், "நான் படிக்கட்டுமா சித்தி?" என்று கேட்டால், "நீ இருக்கிறதத்தான படிப்ப? எங்க அக்கான்னா பாத்துப் படிப்பா" என்பாள். சுயம்புக்கனியும் யாரு கேக்கா எதுக்குக் கேக்கா என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு, செங்கலுக்குச் சரியாகப் படித்தாள், சிமெண்டுக்குச் சரியாகப் படித்தாள், மணலுக்கும் ஜல்லிக்கும் சரியாகப் படித்தாள், சுவர் எழும்பியது, நிலை வைத்தார்கள், ஜன்னல் வைத்தார்கள், மேல்தளம் போடுவது ஒன்றுதான் பாக்கி. அது போட்டுவிட்டால் தை பிறக்கப் பால் காய்ச்சிவிட்டுக் குடி போய்விடலாம்.

மேல்தளத்துக்குக் கம்பி வாங்கப் பணம் போட்டபோது முதல் தடவை நம்பர் தப்பாகப் போயிற்று. மறுபடி படித்தாள், அதுவும் தப்பு. மூன்றாவதும் தப்பு, கணக்கு பூட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஒன்றாக பஸ் ஏறி பேங்குக்குப் போய்த் திறந்துவிட்டு, வரும் வழியில் பூ வாங்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதமும் பூட்டிக்கொண்டது. அதற்கடுத்த மாதமும். செய்த வேலைக்குக் கூலி வாங்கிவிட்ட செல்லப்பாண்டி, மேற்கொண்டு வேலை ஓடாமல் என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து, "எக்கா, கம்பியக் கைக்காசா எடுத்துக் குடுக்கச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினான். தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். "எல்லாம் பேங்க் வழியா முறையாத்தான் போவணும். காலம் கெட்டுக் கெடக்கு" என்றாள். இவள் எனக்குக் காலத்தைப் பற்றிச் சொல்கிறாள்!

போன வெள்ளிக்கிழமையும் அதே கதைதான். தங்கபுஷ்பம் வந்து, முற்றத்தில் குனிந்து, கொண்டையைத் தூக்கினாள். சுயம்புக்கனி பின்னால் நின்று, கண்ணைச் சுருக்கி, நிதானமாக ஒரு நம்பரைச் சொன்னாள். தப்பு. இன்னொரு நம்பரைச் சொன்னாள். தப்பு. மூன்றாவது நம்பர் வந்தபோது என் ஜன்னலுக்கு அது கொட்டை கொட்டையாகத் தெரிந்தது. ஒரு மனுஷி எத்தனை நாள்தான் பொறுப்பாள்? எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஏட்டி தங்கபுஷ்பம், அஞ்சு, ரெண்டு, சைபர், எட்டு, எட்டு, நாலு! இப்பயாவது அடிச்சுத் தொலை!" என்று கத்தினேன்.

தங்கபுஷ்பம் குனிந்த தலை நிமிராமல் என் பக்கம் திரும்பினாள். "உன் ஜோலியப் பாரு ரோஜா" என்றாள். "அக்கா படிக்கட்டும்."

அக்கா படித்தாள், நான் கத்தினதில் ஒன்றுகூட அதில் இல்லை. அவள் சொன்ன நம்பரையே இவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.